பில் கையில் இருக்கா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்னிமலையில் தையல் வேலை செய்துகொண்டே நுகர்வோர் குழுவிலும் இருக்கிறேன். படித்து வந்த வக்கீல் இல்லை. ஒரு மெஷினை வாங்கி ஏமாந்து, எட்டு வருஷம் அலைந்து, அந்த அலைச்சலில் சட்டம் கற்றுக்கொண்டவள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படுகிற சிலதை எடுத்து எழுதுகிறேன்.

கல்லூரி மாணவி, ஈரோடு

*அம்மா, 1986-ம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தை எடுத்துவிட்டு 2019-ல் புதுச்சட்டம் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகத்தில் எல்லாமே நல்லதாகத்தான் இருக்கிறது. நிஜத்தில் ஜனங்களுக்குப் பாதுகாப்பு கூடியிருக்கிறதா?*

கூடியிருக்கிறது கண்ணு. எந்த இடத்தில் கூடியது, எந்த இடத்தில் பழையபடியே நிற்கிறது என்று பிரித்துப் பார்த்தால் உன் கட்டுரைக்கு உதவும். என் வழக்கையே சொல்கிறேன்.

2006-ல் சென்னையில் ஒரு பொருட்காட்சிக்குப் போயிருந்தபோது எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றைப் பார்த்தேன். 64,000 ரூபாய். மகளிர் குழுக் கடன் பாதி, வளையலை அடகு வைத்தது பாதி. அங்கேயே பணம் கட்டி, லாரி சர்வீஸில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தேன். நாற்பது நாள் நன்றாக ஓடியது. அப்புறம் ரவிக்கைக் கையில் மயில் போட்டால் கழுத்து வரைக்கும் தைக்கும். கழுத்தைத் தாண்டினதும் மேல் நூல் அறுந்து, துணிக்கு அடியில் கொத்தாகச் சுருண்டுவிடும். ஊசி தட்டில் இடித்து முறியும். இரண்டு தரம் மெக்கானிக் வந்தார். மூன்றாம் தரம் போனையே எடுக்கவில்லை.

அந்தக் கம்பெனிக்கு நம் பக்கம் கிளை கிடையாது. வாங்கினதும் சென்னை, பணம் கட்டினதும் சென்னை. பழைய சட்டப்படி, எதிர்தரப்பு இருக்கிற ஊரில், இல்லையென்றால் விவகாரம் நடந்த ஊரில்தான் வழக்குப் போட முடியும். ஆக, சென்னைதான். ராத்திரி ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் சென்ட்ரல். ரயில் நிலையத்திலேயே முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு, பத்தரை மணிக்கு நுகர்வோர் மன்றத்தில் (இப்போது ஆணையம் என்கிறார்கள்) போய் உட்காருவேன். சாயங்காலம் வாய்தா தேதியை வாங்கிக்கொண்டு திரும்புவேன். மொத்தம் 24 தரம் போனேன். கழுத்தோடு நின்றுபோன அந்த மயில் ரவிக்கைக் கையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒவ்வொரு தரமும் எடுத்துப் போவேன். ஒரு தரம்தான் அதைக் காட்டச் சொன்னார்கள்.

2010-ல் தீர்ப்பு வந்தது. மெஷின் விலை 64,000, மன உளைச்சலுக்கு 15,000, செலவுக்கு 3,000, ஆகமொத்தம் 82,000. அவர்கள் மேல்முறையீடு போனார்கள். அன்றைய சட்டத்தில், தீர்ப்புத் தொகையில் பாதி அல்லது 25,000, இதில் எது குறைவோ அதைக் கட்டினால் மேல்முறையீடு போகலாம். 25,000-ஐக் கட்டிவிட்டு இரண்டு வருஷம் இழுத்தார்கள். பணம் என் கைக்கு வந்தது 2014-ல்.

இதே மெஷினை இன்றைக்கு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச்சட்டப்படி நான் குடியிருக்கிற அல்லது வேலை செய்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னிமலையிலிருந்து ஈரோட்டுக்கு டவுன் பஸ்ஸில் போய் வந்திருப்பேன். கம்பெனிக்காரர் சென்னையிலிருந்து வந்திருக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணமே இல்லை. மேல்முறையீட்டுக்குப் போக வேண்டுமென்றால் தீர்ப்புத் தொகையில் முழுசாகப் பாதியைக் கட்டியே ஆக வேண்டும். என் வழக்கில் அது 41,000. இழுத்தடிப்பதற்கென்றே மேல்முறையீடு போகிறவர்களுக்கு இது வலிக்கும். மனுவை இணையத்திலேயே போடலாம். கேட்டுக்கொண்டால் வீடியோ வழியாகவும் விசாரணையில் கலந்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த 24 ராத்திரிப் பயணத்தையும் எடுத்துவிட்ட சட்டம் இது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மாறாத இடம் எது தெரியுமா? காலக்கெடு. பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கு மூன்று மாதத்திலும், அனுப்ப வேண்டிய வழக்கு ஐந்து மாதத்திலும் முடிய வேண்டும் என்று 2019 சட்டம் சொல்கிறது. 2002-ல் பழைய சட்டத்தைத் திருத்தியபோதும் இதே மூன்றும் ஐந்தும்தான் எழுதினார்கள். என் வழக்கு அந்தத் திருத்தத்துக்குப் பிறகு போட்டதுதான். அப்படியும் முதல் தீர்ப்புக்கே மூன்று வருஷம் ஆனது. மூன்று மாதம் என்று திரும்பத் திரும்ப எழுதுவதால் வழக்கு முடிந்துவிடாது. நாற்காலியில் தலைவரும் உறுப்பினரும் இருக்க வேண்டும். நாடு முழுக்க நுகர்வோர் ஆணையங்களில் இடங்கள் காலியாகக் கிடப்பதை 2021-ல் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. ஆணையங்களை நடத்த விருப்பம் இல்லையென்றால் சட்டத்தையே ரத்து செய்துவிடுங்கள் என்கிற அளவுக்கு அரசைக் கடிந்துகொண்டது. உன் கட்டுரையில் சட்டப் பிரிவுகளுக்கு ஒரு பக்கம் கொடுத்தால், காலி நாற்காலிக்கு ஒரு பக்கம் கொடு.

இன்னொன்று. 2019 சட்டத்தில் 1 கோடி ரூபாய் வரைக்கும் மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம் என்று இருந்தது. 2021 டிசம்பர் கடைசியில் ஒரு விதி போட்டு அதை 50 லட்சமாகக் குறைத்துவிட்டார்கள். கோயமுத்தூரில் 60 லட்சத்துக்கு அடுக்குமாடி வீடு வாங்கி, சுவரில் தண்ணீர் கசிகிறதென்று வழக்குப் போடுகிறவர் இப்போது சென்னையில் இருக்கிற மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். நமக்குப் பக்கத்தில் கொண்டுவந்த கதவை அவர்களுக்கு மட்டும் திரும்பத் தூரமாக்கிவிட்டார்கள். இது சரியில்லை என்பதுதான் என் எண்ணம்.

விசைத்தறிக்காரர், சோமனூர் பக்கம்

*அக்கா, நாலு தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறோம். நானும் பையனும் ஓட்டுகிறோம், ஒத்தாசைக்கு ஒரு அம்மா வருவார்கள். தார் சுற்றுகிற மெஷின் ஒன்று 1,10,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் மோட்டார் கொதித்து நின்றுவிடுகிறது. கேட்டால், "இது தொழிலுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்டில் எடுக்க மாட்டார்கள், போய்ப் பாருங்கள்" என்கிறார் விற்றவர். நிஜமா?*

தம்பி, அவர் பாதி உண்மையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறார். என்னிடமும் எதிர்தரப்பு வக்கீல் முதல் நாள் சொன்னது இதேதான்: "இவர் வியாபாரி, நுகர்வோரே இல்லை."

வணிக நோக்கத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. அதற்குக் கீழேயே, சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்றும் இருக்கிறது. பழைய சட்டத்திலும் இருந்தது, புதுச்சட்டத்திலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். இதற்கு அர்த்தம் சொன்ன முக்கியமான தீர்ப்பு 1995-ல் வந்தது: லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட். எதிர்தரப்பு நம் கோயமுத்தூர்தான். கம்ப்யூட்டரில் ஓடும் பெரிய கடைசல் மெஷின் வாங்கினவர் போட்ட வழக்கு. தொழிலை அவர் நடத்திய அளவைப் பார்த்து, அவர் நுகர்வோர் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில் உங்களைப் போன்றவர்களுக்கு வழி இருக்கிறது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர், லேத் மெஷின் வாங்கித் தானே வேலை செய்பவர், இவர்களெல்லாம் நுகர்வோர்தான். ஒத்தாசைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். தான் தொடாமல் முழுக்க வேறு ஆள் வைத்து ஓட்டினால்தான் கணக்கு மாறும்.

நீங்களும் மகனும் தறியில் நிற்கிறீர்கள். அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்: "நானும் என் மகனும் நேரடியாக நெய்கிறோம், இதுவே எங்கள் குடும்பத்தின் பிழைப்பு." கூலி கொடுக்கிற ஜவுளி உற்பத்தியாளர் தரும் பாவு, நூல் கணக்கு நோட்டு, வாரக் கூலி வரவான பாஸ்புக் பக்கம், தறிக்கான மின் கட்டண அட்டை, ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள். நான் என் தையல் நோட்டைக் கொடுத்தேன். இன்னாருக்கு இத்தனை ரவிக்கை, இத்தனை கூலி என்று என் கையெழுத்தில் இருந்த அந்த 80 பக்க நோட்டுதான் "வியாபாரி" என்ற வாதத்தை நிறுத்தியது.

இந்த இடத்தில் சட்டத்தைத் திருத்தினவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. 33 வருஷம் கழித்துப் புதிதாக எழுதும்போதாவது எத்தனை தறி, எத்தனை ரூபாய் மெஷின் வரைக்கும் பிழைப்பு என்று ஒரு எல்லை போட்டிருக்கலாம். நாலு தறி பிழைப்பு. எட்டுத் தறி? பல்லடம், சோமனூர் பக்கம் எட்டுத் தறி வைத்திருக்கிற குடும்பம் கடனில்தான் இருக்கிறது. அவர் நுகர்வோரா இல்லையா என்று ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக வாதாட வேண்டியிருக்கிறது. மெஷின் கெட்டுப்போனதா என்ற கேள்விக்கு வருவதற்குள்ளேயே ஆறு மாதம் போய்விடும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வேண்டியதில்லை, நீங்களே வாதாடலாம். தமிழில் சொல்லுங்கள், பயப்படாதீர்கள். மோட்டார் கொதிப்பதை வீடியோ எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகி, காங்கேயம்

*மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகிறோம். ஹால்மார்க் இருந்தால் போதுமா?*

ஹால்மார்க் முத்திரை என்றால் மூன்று அடையாளம் இருக்க வேண்டும் அம்மிணி: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சின்னம், 22 காரட்டுக்கு 916 என்கிற தர எண், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியீடு. 2023 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக் கூடாது. 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த ஆறையும் அடித்தால் நகையின் விவரம் வரும். கடையில் உட்கார்ந்தபடியே பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருக்கும். லென்ஸ் கேளுங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.

பில்லில் தங்கத்தின் நிகர எடை, கல் எடை, அன்றைய விலை, செய்கூலி, சேதாரம் தனித்தனியாக இருக்கட்டும். பின்னால் தரம் குறைவு என்று தெரிந்தால், குறைந்த தரத்துக்கு உண்டான தொகையைப் போல இரண்டு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்று பி.ஐ.எஸ். அமைப்பின் 2018 விதிகளில் இருக்கிறது. "ஜி.எஸ்.டி. மிச்சமாகும், பில் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த கணக்கோடு வந்து என் முன்னால் அழுத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக வழக்குப் போட என்னால் முடிந்ததே இல்லை.

விவசாயி, குடிமங்கலம்

*மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போட்டேன். பயிர் ஆள் உயரம் வந்துவிட்டது, கருதில் மணி பிடிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வேறு விதை, அவர்களுக்கு நன்றாக இருக்கிறது. விதைக் கடையில் கேட்டால் "மீதி விதை கொண்டு வா, லேபுக்கு அனுப்பலாம்" என்கிறார்கள். விதையை எல்லாம் ஊன்றிவிட்டேனே!*

அண்ணா, ஊன்றாமல் ஒரு படி விதையை எந்த விவசாயி டப்பாவில் போட்டு வைப்பான்? உச்ச நீதிமன்றமே இதைத்தான் கேட்டது. தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக ஆந்திர விவசாயிகள் போட்ட வழக்கில் 2012 ஜனவரியில் வந்த தீர்ப்பு. விவசாயி விதையை மிச்சம் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, மாதிரி இல்லையென்று சொல்லி அவருடைய வழக்கைத் தள்ள முடியாது, விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் கடைக்காரர் கேட்கிற மீதி விதைக்காக நீங்கள் தலைகுனிய வேண்டாம்.

ஆனால் விதைதான் காரணம் என்று நீங்கள் காட்டியாக வேண்டும், அது லேசான வேலை இல்லை. கம்பெனி வந்து என்ன சொல்லும்? பூட்டை (கதிர்) விடுகிற சமயத்தில் வெயில் காய்ந்தது, தண்ணீர் பற்றவில்லை, படைப்புழு விழுந்தது, மருந்து சரியாக அடிக்கவில்லை. இவை எல்லாமே மணி பிடிக்காமல் போவதற்கு நிஜமான காரணங்கள்தான். ஆகவே கருது செடியில் நிற்கும்போதே, இந்த வாரமே, வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் விதை ஆய்வாளரிடமும் எழுத்து மூலம் மனு கொடுங்கள். ஒரு நகலில் அவர்கள் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நேரில் வந்து வயலைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் என்றைக்கு ஊன்றினார், எத்தனை தண்ணீர் விட்டார் என்று அவரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ஒரே மண், ஒரே மழை, வேறு விதை: உங்கள் வழக்கின் முதுகெலும்பு அதுதான். அறிக்கை வருவதற்கு முன்னால் தட்டை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

விதைப் பையை எங்கே வைத்திருக்கிறீர்கள்? களை பிடுங்கின கூளத்தோடு எரித்துவிடவில்லையே? பையில் தைத்திருக்கிற அட்டையில் குவியல் எண் (லாட் நம்பர்) இருக்கும். அந்த எண் இருந்தால் அதே குவியலில் வாங்கின மற்ற விவசாயிகளைக் கண்டுபிடிக்கலாம். ஒரே பிரச்சினை பலருக்கும் இருந்தால் ஒரே மனுவாகச் சேர்ந்து போட ஆணையத்தின் அனுமதி கேட்கலாம். பில்லில் விதை ரகத்தின் பெயரும் குவியல் எண்ணும் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். "விதை – 6 பை" என்று மட்டும் எழுதியிருந்தால், அட்டை ஒன்றுதான் உங்களுக்குத் துணை.

புதுச்சட்டத்தில் பொருளின் குறையால் வரும் சேதத்துக்குத் தயாரிப்பாளரும் விற்றவரும் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. நல்ல அத்தியாயம். ஆனால் வயலுக்கு ஆள் வந்து பார்த்து எழுதுவது பத்து நாள் தாமதமானால் அந்த அத்தியாயம் உங்கள் மூன்று ஏக்கருக்குப் பயன்படாது. வேளாண் அலுவலகத்தில் எத்தனை ஆள் வேலைக்கு இருக்கிறார்கள் என்பதும் நுகர்வோர் பாதுகாப்பில் சேர்த்திதான் என்று நான் போகிற கூட்டத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாசகர், பவானி

*பஸ் ஸ்டாண்டில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 25 வாங்குகிறார்கள். கேட்டால் "கூலிங் சார்ஜ்" என்கிறார்கள்.*

அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கடையில் விற்கக் கூடாது, குளிர வைத்தாலும் கூடாது. எடையளவுச் சட்டப்படி தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் செய்யலாம், இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டலுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே இடத்துக்கும் பரிமாறுவதற்கும் சேர்த்து விலை வைக்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாசகி, சத்தியமங்கலம்

*ஈரோட்டில் ஜவுளிக்கடையில் தீபாவளிக்குச் சேலை எடுத்தேன். வீட்டில் பிரித்தால் முந்தானையில் இழை ஓடியிருக்கிறது. மறுநாளே கொண்டுபோனேன். "விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.*

அந்த வரியைப் பார்த்து எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கிறோம்! நிறம் பிடிக்கவில்லை, மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதற்குள், ஒன்றும் போடாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். பில் கொடுக்காமல் இருப்பதையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்தச் சீர்திருத்தத்திலேயே சாதாரண ஜனங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய இரண்டு வரிகள் இவைதான். ஆனால் இவை ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

கடைக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். சேலையின் போட்டோ, பில் நகல், 15 நாள் அவகாசம், இவ்வளவு போதும். பத்தில் ஏழு கடைக்காரர்கள் அந்தத் தபாலிலேயே கூப்பிட்டு மாற்றிக் கொடுத்துவிடுவதை நான் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். இதே வாசகத்தை அச்சடித்து எல்லோரிடமும் இப்படியே நடந்துகொள்கிற கடையென்றால், திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரிடமே மனு கொடுக்கலாம். பல நுகர்வோரைப் பாதிக்கும் விஷயங்களை விசாரித்து அறிக்கை அனுப்பப் புதுச்சட்டம் கலெக்டருக்கு அதிகாரம் தந்திருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாதவர், பெருந்துறை

*நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டம் என்று ஒரு லட்சம் கட்டினால் மாதம் எட்டாயிரம் தருவதாகச் சொல்கிறார்கள். மச்சான் சேர்ந்துவிட்டார். ஏதாவது ஆனால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறதுதானே?*

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கடிதம் வந்ததும் எனக்கு மனசு பதறிவிட்டது. 2012-ல் ஈமு கோழிக் கம்பெனிகள் சரிந்ததை உங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்களே. தீவனமில்லாமல் கொட்டகையில் நின்ற பறவைகளுக்கு அரசு போய்த் தீனி போட வேண்டியிருந்தது. வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பணம் கட்டினவர்கள் என்ன ஆனார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

வேண்டாம், பணம் கட்டாதீர்கள். இந்த மாதிரி முதலீட்டு மோசடிக்கு நுகர்வோர் ஆணையம் சரியான வாசல் இல்லை. அதற்கு 1997-ம் வருஷத்து தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பொருளாதாரக் குற்றப்பிரிவு இருக்கிறது, கோயமுத்தூரில் சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் டெபாசிட் வாங்குவதையே தடை செய்து 2019-ல் மத்திய அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் 2009-ல் திருப்பூரில் வெடித்த அன்னியச் செலாவணி மோசடியில் கோயமுத்தூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது 2022-ல். 27 வருஷம் சிறை என்பது பெரிய தண்டனைதான். ஆனால் நடுவில் 13 வருஷம் போய்விட்டது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்துக்கு 13 வருஷம் காத்திருக்க முடியுமா? மச்சானிடம் இன்றைக்கே பேசுங்கள். ஒப்பந்தம், ரசீது, பணம் அனுப்பிய விவரம், அவர்கள் கூட்டம் போட்ட நோட்டீஸ், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். மாதத் தவணை இன்னும் ஒழுங்காக வருகிறது என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்செங்கோடு

*மேற்கூரை ஒழுகிய வழக்கில் 2018-ல் எனக்குச் சாதகமாக 1,35,000 ரூபாய்க்கு ஆணை வந்தது. எதிர்தரப்பு மேல்முறையீடும் போகவில்லை, பணமும் தரவில்லை. ஆணையைப் பிரேம் போட்டு மாட்டி வைத்துக்கொள்ள வேண்டியதுதானா?*

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். 2012-ல் மேல்முறையீடு தள்ளுபடியான பிறகும் எனக்கு இரண்டு வருஷம் இதே நிலைமைதான். ஜெயித்துவிட்டோம் என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தேன், பணம் மட்டும் வரவில்லை.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2002-ல் பழைய சட்டத்தைத் திருத்தும்போது, ஆணையை நிறைவேற்றும் பிரிவில் 'ஒவ்வொரு ஆணையும்' என்று இருந்ததை 'இடைக்கால ஆணை' என்று மாற்றிவிட்டார்கள். ஒரு வார்த்தைதான். அதைப் பிடித்துக்கொண்டு, இறுதி ஆணைக்கு ஜப்தி செய்ய முடியாது என்று எதிர்தரப்புகள் வருஷக்கணக்கில் வாதாடின. பாதுகாப்பைக் கூட்டுவதற்கென்று கொண்டுவந்த திருத்தம் இருந்த பாதுகாப்பையும் பறித்துவிட்டது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைச் சரிசெய்தது. 2003 மார்ச் 15 முதல் 2020 ஜூலை 20 வரைக்குமான காலத்துக்கு அந்தப் பிரிவை 'எந்த ஆணையும்' என்றே படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடப்பதையும் கவனித்து, அவற்றைச் சீக்கிரம் முடிக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது. உங்கள் 2018 ஆணை இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது.

புதுச்சட்டத்தில் இந்தக் குழப்பமே இல்லை. ஆணையை சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். மதிக்காதவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000-க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் வெறும் 2,000-ல் ஆரம்பித்து 10,000-ல் முடிந்துவிடும். 10,000 கட்டிவிட்டுப் போகலாம் என்று நினைக்கிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். எனக்குப் பணம் வந்தது எப்படித் தெரியுமா? அபராதத்துக்குப் பயந்து இல்லை. மன்றத்திலிருந்து கைது வாரண்ட் என்ற வார்த்தை போன வாரத்தில்தான் டிராப்ட் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

நாமக்கல் ஆணையத்தில் போய் ஆணையின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். நிறைவேற்று மனுவில் எதிர்தரப்பின் இப்போதைய விலாசம், கடை இடம் சொந்தமா வாடகையா, பில்லில் இருக்கிற ஜி.எஸ்.டி. எண், எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் எழுத வேண்டும். ஜப்தி கேட்டுவிட்டு, எதை ஜப்தி செய்வது என்று ஆணையம் கேட்கும்போது முழிக்கக் கூடாது. நீங்கள் அவருக்குக் காசோலை கொடுத்திருந்தால், உங்கள் பாஸ்புக் பதிவை வைத்து அது எந்த வங்கியில் பணமானது என்று உங்கள் வங்கியிலேயே விசாரிக்கலாம். 2018 என்பதால் இனி ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் சென்னிமலையில் எங்கள் குழு அலுவலகத்தில்தான் இருப்பேன். ஆணையின் நகலும் அந்தப் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு வாருங்கள் ஐயா, மனுவை உட்கார்ந்து எழுதிவிடலாம்.